எந்தச் சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றலாம்?

நிலாவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்குத் தினமும் வேலைக்கு வருகிறவர் நீங்கள். வீட்டில் மூன்று சைக்கிள் நிற்கிறது: அப்பா ஓடிய 28 அங்குலச் சைக்கிள், ஒரு யப்பான் லேடீஸ் சைக்கிள், மகனின் கியர் சைக்கிள். எதற்கு மோட்டர் பூட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவின் சைக்கிளைத் தொடாதீர்கள். அந்தப் பிழையை உங்களுக்கு முன்பே நான் செய்து முடித்துவிட்டேன்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். குறியைக் காட்டி வரிசையில் நின்ற காலம். நான் சாம்பல்தீவில் இருந்து வேலைக்கு வரவேண்டும். வீட்டில் அப்பாவின் சைக்கிள் நின்றது. "அந்தக் காலத்து இரும்பு, இப்ப வாறதெல்லாம் தகரம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே எனக்கும் அந்த நம்பிக்கை. மோட்டர் பூட்டிய முன் சில்லு ஒன்றை வாங்கி வந்தேன். முதல் இடி அங்கேயே விழுந்தது. மோட்டரைப் பழைய றிம்மில் கோர்க்கலாம் என்று பார்த்தால், அந்தக் காலத்து முன் றிம்மில் கம்பி ஓட்டை 32, மோட்டரில் 36. சரி, மோட்டரோடு வந்த றிம்மையே போடுவோம் என்றால் பிரேக் பிடிக்காது. அந்தச் சைக்கிள்களின் கம்பி பிரேக் றிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது. புது றிம்மோ பக்கவாட்டில் கட்டை அழுத்துவதற்காகச் செய்தது. நான் என்ன செய்தேன்? முன் பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பின் பிரேக் போதும் என்று ஓடினேன். இப்போது நினைத்தாலும் வெட்கம்.

மூன்றாம் கிழமை உவர்மலை ஏற்றத்தில், நின்ற இடத்தில் இருந்து எடுத்தபோது 'டக்' என்றது. மோட்டரின் அச்சே போர்க்குக்குள், அதாவது முன் சில்லைப் பிடித்திருக்கும் கவைக்குள், சுற்றி, வயரை முறுக்கி அறுத்துவிட்டது. முழங்கால் தோல் போனதோடு தப்பினேன். தள்ளிக்கொண்டு போய் ஒரு நானாவின் கடையில் விட்டேன். அவர் ஒருக்காப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகன், சாதாரண சில்லில அச்சு சும்மா நிக்கும், சில்லுதான் சுத்தும். மோட்டர் அப்பிடியில்ல. அது சில்ல முன்னுக்குத் தள்ளுற அளவுக்கு அச்சப் பின்னுக்குத் திருப்பப் பார்க்கும். அதப் பிடிச்சு வைக்கிறது இந்தப் போர்க்கிட நுனி மட்டும்தான்."

சைக்கிள் தெரிவு செய்வதில் பாதி விசயம் இதுதான். பிரேமின் பலத்தை விட, அச்சு உட்காரும் அந்த இரண்டு நுனிகளையும்தான் பார்க்கவேண்டும். அப்பாவின் சைக்கிளில் அது மெல்லிய தகடு. மோட்டர் அச்சில் இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும்; அந்தத் தட்டைக்கு இடையே பெரும்பாலும் 10 மில்லிமீற்றர். அது போர்க் நுனியில் உள்ள பிளவுக்குள் ஆடாமல் உட்காரவேண்டும். அதற்கு மேல், அச்சைக் கவ்வி போர்க்கின் காலோடு கட்டுகிற 'டோர்க் ஆர்ம்' என்ற இரும்புத் தகடும் போடவேண்டும். சின்ன மோட்டர்தானே என்று விடாதீர்கள். நான் விட்டதே 250 வாற் மோட்டருக்குத்தான்.

முன் மோட்டர் என்றால் உருக்குப் போர்க் மட்டும். உருக்கு வளைந்து எச்சரிக்கை தரும்; அலுமினியம் சொல்லாமல் உடையும். ஸ்பிரிங் வைத்த சஸ்பென்சன் போர்க்குக்கு முன் மோட்டர் வேண்டவே வேண்டாம். மகனின் கியர் சைக்கிளில் பெரும்பாலும் இருப்பது அதுதான்; அதனால் அதற்கு முன் சில்லு மோட்டரை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஆனால் அதே சைக்கிளுக்குப் பின் மோட்டர் பூட்டலாம். பின் நுனிகளுக்கு இடையே 135 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மூன்றில் ஒன்று என்றால் என் தெரிவு அதுதான்.

யப்பான் சைக்கிளில் எனக்கும் ஆசைதான், இரும்பு நல்லது, ஓட்டமும் மென்மை. ஆனால் முன் போர்க் பெரும்பாலும் வழமையான 100 மில்லிமீற்றரை விட ஒடுக்கம். பிரேமின் நடுவில் பற்றரி வைக்க இடமும் இல்லை. பின் கரியரில் ஏற்றினால் வால் ஆடும். இன்னொரு பொறி, '26 அங்குலம்' என்ற பேர். ரயரின் பக்கத்தில் சின்னதாக ஓர் எண் இருக்கும், அதைப் படியுங்கள். லேடீஸ் சைக்கிளில் 37-590 என்று இருக்கும், மலைச் சைக்கிளில் 50-559 போல. பின்னால் உள்ள எண்தான் றிம்மின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டையும் கடையில் 26 என்றே சொல்வார்கள். 559 றிம்மில் வந்த மோட்டர்ச் சில்லை 590 சைக்கிளில் போட்டால் பிரேக் கட்டை றிம்முக்கு 15 மில்லிமீற்றர் மேலே நின்று ரயரைத்தான் உரசும்.

பிரேக்கைப் பற்றி இவ்வளவு அலட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. மிதித்து 15 கிலோமீற்றர் வேகத்தில் போனவர் மோட்டரில் 25இல் போவீர்கள். நிறுத்தவேண்டிய சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நம்முடைய ஊரில் மாட்டோடு மானும் றோட்டுக்கு வரும். கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், மான் நின்று பார்த்துவிட்டு, நாம் கிட்ட வந்த பிறகுதான் பாயும். இரண்டு சில்லிலும் றிம்மின் பக்கவாட்டில் கட்டை அழுத்துகிற வி-பிரேக்காவது இருக்கவேண்டும், டிஸ்க் என்றால் இன்னும் நல்லது.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் பழைய மலைச் சைக்கிள் ஒன்றைத் தேடுங்கள்: உருக்குப் பிரேம், சஸ்பென்சன் இல்லாத உருக்குப் போர்க், 559 றிம். நான் இப்போது ஓடுவது அதைத்தான். வாங்குமுன் சீற் கம்பியை உருவி உள்ளே டோர்ச் அடியுங்கள். கடற்கரை ஊர்ச் சைக்கிள் வெளியே பளபளக்கும், உள்ளே உப்பு தின்றிருக்கும். பெடல் அச்சுக்குப் பக்கத்தில் பெயின்ற் கொப்பளித்திருந்தாலோ, வெல்டிங் ஒட்டு இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

பற்றரி 36 வோல்ற், 10 அம்பியர் மணி என்றால் 360 வாற் மணி. நீங்களும் மிதித்தால் கிலோமீற்றருக்குப் பத்துப் பன்னிரண்டு வாற் மணி போகும், ஆக முப்பது கிலோமீற்றர் மட்டில். நிலாவெளி போய்வர அது மட்டுமட்டு. கச்சான் காற்று எழும்புகிற மாதங்களில் அதுவும் காணாது. 15 அம்பியர் மணி எடுங்கள், இல்லாவிட்டால் வேலைத்தலத்தில் சார்ஜர் ஒன்றை வைத்திருங்கள். ஈயப் பற்றரி மலிவாகக் கிடைக்கும், ஆனால் 36 வோல்ற்றுக்கு 12 வோல்ற் பற்றரி மூன்று வேண்டும், மூன்றும் சேர்ந்தால் பத்துக் கிலோவுக்கு மேல் வரும்.

அப்பாவின் சைக்கிளுக்குப் பழைய முன் சில்லையும் பிரேக்கையும் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். போர்க் நுனியை நானா தட்டி நிமிர்த்தித் தந்தார். அப்பா அதில்தான் மீன் வாங்கப் போகிறார், என்னை மட்டும் கிட்ட விடுவதில்லை.