என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு வார்த்தைக் கணக்குகளை எப்படிப் பழக்குவது?

"எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் கூட்டல், பெருக்கல், சதவீதம் எல்லாம் சரியாகப் போடுகிறான். அதையே நாலு வரிக் கணக்காகக் கொடுத்தால் விழிக்கிறான். என்.எம்.எம்.எஸ். தேர்வு வருகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் அப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தாள். நான் வாத்தியார் இல்லை, மதுரைப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பத்தாவதோடு சரி. அவளோடு உட்கார்ந்து தப்பும் தவறுமாகக் கற்றதைச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். என்.எம்.எம்.எஸ். என்பது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கானது. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 இடம். மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத் தாளில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பாடத் தாளில் கணக்கு 20 மதிப்பெண்தான். ஆனால் மனத்திறன் தாளிலும் வயது, கடிகாரம், நாள்காட்டி, எண் வரிசை என்று கணக்கு வேறு வேஷத்தில் வந்து நிற்கும். அதனால் இருபதுதானே என்று விட்டுவிட முடியாது.

நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 'மொத்தம்', 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி', 'குறைவு' என்று வந்தால் கழி என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். ரெண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு கணக்கு: "ரவியிடம் 40 மாம்பழங்கள் உள்ளன. இது கமலாவிடம் உள்ளதைவிட 15 அதிகம் எனில், கமலாவிடம் உள்ளவை எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 55 என்று எழுதிவிட்டாள். யாரிடம் கூட இருக்கிறது என்று கேட்டேன். "ரவிகிட்ட." அப்போ கமலாவிடம் 55 எப்படி வரும்? பேசாமல் சுவரைப் பார்த்தாள். அன்று ராத்திரியே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். சொல்லைப் பார்த்துக் கணக்குப் போடப் பழகிய பிள்ளை கணக்கைப் படிப்பதே இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்தேன். பென்சிலைத் தொடும் முன் கணக்கில் என்ன நடக்கிறது என்று எனக்கு வாயால் சொல்ல வேண்டும். எண்களே வேண்டாம். "ஒருத்தர் ஒரு பொருள் வாங்குறார், லாபம் வச்சு விக்கிறார், வித்த விலை தெரியும், வாங்கின விலை கேக்குறாங்க." இவ்வளவு போதும். முதல் வாரம் ஒரு கணக்குக்கே பத்து நிமிடம் ஆனது, எனக்கே பொறுமை போய்விட்டது. மூன்று வாரத்தில் படிக்கும்போதே உதடு அசைய ஆரம்பித்தது.

இதைச் செய்யும்போதுதான் அவளுக்கு இடறுவது கணக்கு இல்லை, கணக்கில் வரும் தமிழ் என்று தெரிந்தது. 'முறையே' என்றால் என்ன என்று கேட்டேன். "மொறை வைக்கிறதாப்பா?" என்றாள். சிரிப்பு வந்தாலும், அவள் மேல் தப்பில்லை. "மூவரின் பங்குகள் முறையே 2 : 3 : 5" என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? குறித்த விலை, அடக்க விலை, தொடர்ச்சியான, மும்மடங்கு, குறைந்தபட்சம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். நாற்பது சொல்கூடத் தேறவில்லை, ஆனால் பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை அவைதான்.

'எனில்' என்ற சொல்லுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் வரும் கணக்குகளில் பாதிக்கு மேல் இந்தச் சொல்தான் நடுவில் நிற்கும். அதற்கு முன்னால் இருப்பது கொடுத்தது, பின்னால் இருப்பது கேட்டது. 'எனில்' பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பின்பாதியை முதலில் படிக்கச் சொன்னேன். பயணி ஏறியதும் எங்கே இறங்கணும் என்று கேட்ட பிறகுதானே டிக்கெட் கிழிக்கிறோம், அதே மாதிரி.

இப்போது அந்த லாபக் கணக்கு. "ஒருவர் ஒரு பொருளை 600 ரூபாய்க்கு விற்று 20% இலாபம் அடைந்தார் எனில், அதன் அடக்க விலை என்ன?" 600-க்கு 20% 120, கழித்தால் 480 என்று போட்டாள். தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த விடைகளில் 480-ம் இருந்தது, 500-ம் இருந்தது. நான் எப்படி விளக்குவது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ எடுத்துவந்து கட்டி விற்பவள். கட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அடக்கமே ஐந்நூறு ஆகுதுடி. அதுக்கு மேல நூறு வச்சு அறுநூறுக்குக் குடுக்குறேன். லாபம் போட்ட காசுக்கா, வந்த காசுக்கா?" முடிந்தது. 480-க்கு 20% 96 தான், 576 தான் வரும் என்று அவளே சரிபார்த்தாள். அன்றிலிருந்து சதவீதம் என்று வந்தால் "எதுக்கு மேல?" என்று கேட்டுக்கொள்வாள். 500 ரூபாய்ச் சேலையை 20% ஏற்றி, அப்புறம் 20% தள்ளுபடி கொடுத்தால் 500 வராது, 480 தான் வரும் என்பதும் இந்தக் கேள்வியில்தான் பிடிபட்டது.

விடைகளில் 480-ஐ வைத்தது தற்செயல் இல்லை. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்துதான் விடைகளை வைக்கிறார்கள். 6 பேர் 12 நாளில் முடிக்கும் வேலையை 9 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்றால் 8-ம் இருக்கும், 18-ம் இருக்கும். ஆள் கூடினால் நாள் கூடுமா, குறையுமா என்று ஒரு நொடி யோசித்தால் 18 தானாகவே விழுந்துவிடும். தப்பான விடை எந்தத் தப்பால் வந்தது என்று கண்டுபிடிப்பதையே ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டோம். சரியான விடை கண்டுபிடிப்பதைவிட அவளுக்கு இது பிடித்திருந்தது.

வயதுக் கணக்கில் இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். "தாயின் வயது மகளின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்கு எனில், மகளின் தற்போதைய வயது?" x போட்டுச் சமன்பாடு எழுதத் தெரிந்தால் நல்லது. வராவிட்டால் விடைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். 12 வைத்தால் அம்மாவுக்கு 36. பன்னிரண்டு வருஷம் கழித்து 24, 48. சரி. அம்மாவுக்கு மட்டும் 12 கூட்டி மகளை அப்படியே விட்டுவிடும் பிள்ளைகள் நிறைய.

வேகக் கணக்கில் நானே அசடு வழிந்தேன். போகும்போது மணிக்கு 40 கி.மீ., வரும்போது 60, சராசரி வேகம் என்ன? இருபது வருஷமாக பஸ்ஸில் நிற்கிறவன், 50 என்று பட்டென்று சொன்னேன். அவள் தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் போட்டாள். போக 3 மணி, வர 2 மணி, 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. உண்மைதான், வண்டி ஊர்ந்து போகும்போதுதானே அதற்குள் அதிக நேரம் கிடக்கிறோம்! ரயில் நடைமேடையைக் கடக்கும் கணக்குக்கு அழிரப்பரை ரயிலாகவும் ஸ்கேலை நடைமேடையாகவும் வைத்து மெதுவாக நகர்த்திக் காட்டினேன். கடைசிப் பெட்டி தாண்டும்வரை பார்த்தால் ரயிலின் நீளத்தையும் ஏன் கூட்டுகிறோம் என்று புரியும். 150 மீட்டர் ரயில், 250 மீட்டர் நடைமேடை, மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர், ஆக 20 நொடி.

ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் நான் கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தையும் ஏழாவதில் நேர், எதிர் விகிதத்தையும் முடித்த பிறகுதான் பழைய வினாத்தாள். கைடு வாங்கினால் ஒன்று போதும். அதிலும் விடை தப்பாக இருக்கும், எங்கள் வீட்டுக் கைடில் மூன்று கண்டுபிடித்தோம்.

நேரம் வைத்து எழுதுவதைக் கடைசி மாதத்தில் தொடங்குங்கள். கேள்விக்கு ஒரு நிமிடம்தான், கணக்குக்கு அது பத்தாது. அதனால் பார்த்ததும் வருவதை முதல் சுற்றில் முடித்துவிட்டு, நீளமான கணக்குகளுக்கு ரெண்டாம் சுற்றில் திரும்ப வேண்டும். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விட வேண்டாம். விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து வீட்டிலேயே பழக்குங்கள். என் மகள் ஒரு பயிற்சியில் 34-ஐத் தாண்டிப் போய், 35-இன் விடையை 34-இல் கறுப்பாக்கி, அப்படியே 60 வரை தப்பாகப் போய்விட்டாள். நல்லவேளை, அது வீட்டில் நடந்தது.

அவள் பெயர் பட்டியலில் வந்தது. வந்த பிறகும் வேலை இருக்கிறது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிய வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, வருமானச் சான்று எல்லாவற்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு இனிஷியலுக்காக நாலு நாள் சம்பளம் போனது.