வெள்ளைமேல் வெள்ளை அடித்தும் பழமைத் தோற்றம் ஏன் வரவில்லை?

கேள்வி இது: பழைய மர டிராயர் அலமாரிக்கு இரண்டு மூன்று வெள்ளைகளை அடுக்கி அடித்தும், ஒரே வெள்ளைப் பலகை மாதிரி தட்டையாக இருக்கிறது, இரண்டாம் நாளே மஞ்சள் திட்டுகளும் வந்துவிட்டன. எங்கே தவறு?

இரண்டும் தனித்தனித் தவறுகள். மஞ்சள் மரத்திலிருந்து வருகிறது. தட்டையாகத் தெரிவதற்குக் காரணம், நீங்கள் எடுத்த வெள்ளைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பது.

முதலில் மஞ்சள். தேக்கு, ஓக், மகோகனி போன்ற மரங்களில் தண்ணீரில் கரையும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. பழைய சிவப்பு பாலிஷிலும் சாயம் கிடக்கும். எமல்ஷனில் (தண்ணீர் சேர்ந்த சுவர்ப் பெயின்ட்) உள்ள தண்ணீர் அதைக் கரைக்கிறது. பெயின்ட் காயக் காய, கரைந்த சாயமும் மேலே ஏறி வந்து நின்றுவிடுகிறது. இன்னொரு கோட் எமல்ஷன் அடித்து மறைக்கப் பார்த்தால் அதிலும் ஏறும். தடுக்க அரக்குதான் (ஷெல்லாக்) சரி. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்திருப்பதால் அந்தச் சாயத்தை இளக்காமல் மூடிவிடும். மெல்லியதாக இரண்டு கோட், நடுவே ஒரு மணி நேரம் போதும். மெழுகு நீக்கிய அரக்கையே வாங்குங்கள். மெழுகுள்ள அரக்கின்மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. வெள்ளை நிற அரக்கு பிரைமரும் கிடைக்கிறது. ஆனால் பழமை தெரிவதற்காகப் பின்னால் உப்புத்தாளால் தேய்க்கப்போகும் ஓரங்களில் அதை அடித்தால், மரத்துக்கும் பெயின்டுக்கும் நடுவே சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெளுப்பு தெரியும். அந்த இடங்களுக்கு நிறமற்ற அரக்கே நல்லது.

அரக்குக்கு முன்னால் சுத்தம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து, பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை. தண்ணீரை ஊற்றிக் கழுவினால் பழைய மூட்டுகளில் இருக்கும் வஜ்ரப் பசை இளகிவிடும். சிலிக்கான் கலந்த பாலிஷ் பூசிய சாமானில், பெயின்ட் பரவாமல் சின்னச் சின்னக் குழிகளாக ஒதுங்கும். அப்படி ஒதுங்கினால் டர்பன்டைனால், துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். காய்ந்ததும் 150 நம்பர் உப்புத்தாள், அடுத்து 220. பளபளப்பு போனால் போதும், மரம் தெரிய வேண்டாம். ஏற்கெனவே மிகப் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

இப்போது நிறம். இந்த வேலையின் உயிர் இங்கேதான். மூன்று வெள்ளை வேண்டும்: அடியில் சாம்பல் கலந்த மணல் நிறம், நடுவில் பாலேடு நிறம், மேலே லேசாக மங்கிய வெள்ளை. கண்ணைப் பறிக்கும் தூய வெள்ளையை மேலே வைத்தால் அடியில் இருப்பதெல்லாம் அழுக்காகத் தெரியும். 200 மி.லி. வெள்ளை எமல்ஷனுக்கு அரை டீஸ்பூன் அம்பர் (umber) பழுப்பு ஸ்டெய்னர் (பெயின்டில் கலக்கும் நிறமி), இரண்டு துளி கறுப்பு என்று தொடங்கி, துளித்துளியாக அடி நிறத்தைக் கூட்டுங்கள். நடு நிறத்துக்கு மஞ்சள் காவி ஸ்டெய்னர் கால் டீஸ்பூன். மேல் நிறத்துக்கு அம்பர் மூன்று நான்கு துளி. எமல்ஷன் காய்ந்தால் ஒரு படி கருக்கும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்றையும் அட்டையில் பக்கம் பக்கமாகத் தடவிக் காயவிட்டு, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் அலமாரியிலும் தெரியாது.

அடி நிறம் முழுதாக ஒரு கோட், இரவு முழுக்கக் காய வேண்டும். பிறகு மெழுகுவர்த்தியால் கைப்பிடியைச் சுற்றி, டிராயரின் மேல் விளிம்பில், கால்களின் முனையில் தேயுங்கள். மெழுகு பட்ட இடத்தில் அடுத்த பெயின்ட் சரியாகப் பிடிக்காது, பிறகு தேய்க்கும்போது எளிதில் உரிந்து அடி நிறம் தெரியும். நடு நிறம் அடித்துக் காய்ந்ததும் மறுபடி மெழுகு, ஆனால் அதே இடத்தில் அல்ல. சற்று உள்ளே தள்ளி, குறுகலாக. மேல் நிறத்தை உலர் பிரஷால் இழுக்க வேண்டும்: நுனியை மட்டும் தோய்த்து, துணியில் துடைத்து, கிட்டத்தட்ட ஒன்றும் ஒட்டாத நிலையில் இழுங்கள். மெழுகை அளவோடு தேயுங்கள், மிஞ்சினால் பெயின்ட் பின்னாளில் தானாக உரியும்.

நான்கைந்து மணி நேரம் கழித்து 220 தாளால் தேயுங்கள். எல்லா விளிம்பையும் ஒரே அகலத்தில் தேய்ப்பதுதான் பெரும்பாலான வேலைகளைக் கெடுக்கிறது. நிஜமாகப் பழகிய டிராயரைப் பாருங்கள். குமிழுக்கு மேலே கட்டைவிரல் படும் இடம் பிறை வடிவில் தேய்ந்திருக்கும், செதுக்கல்களின் பள்ளத்தில் பெயின்ட் முழுசாக இருக்கும். அந்தப் பிறையில் நடுவே மரம், அதைச் சுற்றி மணல் நிறம், பிறகு பாலேடு, பிறகு வெள்ளை என்று மர வளையம் மாதிரி வரிசை தெரிந்தால் வேலை சரியாக வந்திருக்கிறது.

மேல்பூச்சுக்கு முன் மெழுகுத் துகளை டர்பன்டைன் துணியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், அது மஞ்சளாகிவிடும். மரம் தெரியும் இடங்களில் மறுபடி அரக்கு தொட்டுவிட்டு, தண்ணீர் அடிப்படையிலான மேட் வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். தொடாவிட்டால் அந்த வார்னிஷும் சாயத்தை இழுத்துக்கொண்டு வரும். வார்னிஷுக்குப் பதில் மெழுகு பூசுவதானால் முதலில் நிறமற்றது, அதன்மேல்தான் கரு மெழுகு. நேரே கரு மெழுகு பட்ட வெள்ளையை மீட்க முடியாது. டிராயரின் பக்கவாட்டில் பெயின்ட் அடிக்க வேண்டாம், சிக்கிக்கொள்ளும்.

உங்கள் அலமாரியைச் சுரண்ட வேண்டியதில்லை. இருக்கும் பெயின்டை 220 தாளால் லேசாகத் தேய்த்து, முழுவதும் இரண்டு கோட் அரக்கு அடித்து, மணல் நிறத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். முடிந்தபின் மூன்று வாரம் மேலே கனமான எதையும் வைக்காதீர்கள்.