கிராமத்தில் குடிநீருக்கு யார் பொறுப்பு: ஊராட்சியா, குடிநீர் வாரியமா?

"தண்ணீர் வரவில்லை என்றால் ஊராட்சி அலுவலகம் வாரியத்தைக் கேள் என்கிறது, வாரியம் ஊராட்சியைக் கேள் என்கிறது. யாரைத்தான் பிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். ஊரிலேயே போட்ட போர்வெல் என்றால் மோட்டார், கரண்ட் பில், குழாய் எல்லாம் ஊராட்சியின் பாடு. காவிரியிலிருந்தோ தாமிரபரணியிலிருந்தோ வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால், பெரும்பாலும் ஊர் வரை கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம். அந்தத் தண்ணீருக்கு ஊராட்சி காசு கட்டுகிறது. தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக் குழாய் வரை ஊராட்சிதான்.

தொட்டி நிறைந்தும் தெருவுக்கு வரவில்லையா? மனு எழுதுவதற்கு முன் டேங்க் ஆபரேட்டரிடம் பேசுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, யார் வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. எங்கள் ஊரில் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. ஆபரேட்டர் பள்ளத் தெரு வால்வை மூடிவைத்து, தொட்டி நிறைந்திருக்கும் விடிகாலையில் மேட்டுக்கு மட்டும் முதலில் திறந்துவிட்டார். சரியாகிவிட்டது, பைசா செலவில்லை. அதிகாரப் பரவலாக்கல் என்று பேசுகிறார்களே, எனக்குத் தெரிந்து அது உருப்படியாக நடக்கிற இடம் இதுதான். அவருடைய சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள்.

"நிதி இல்லை" என்ற பதிலையும் அப்படியே நம்ப வேண்டாம். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26க்குப் பரிந்துரைத்த ஊராட்சி மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது; பாதி தண்ணீருக்கு, பாதி கழிப்பறை, குப்பை போன்றவற்றுக்கு.

ஆனால் கேட்க ஆள் வேண்டுமே! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சி நிர்வாகம் மறுபடியும் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்குப் போனது. அந்தப் பொறுப்பில் பல ஊராட்சிகளைச் சுமக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு உங்கள் தெரு வால்வு எங்கே கண்ணில் படும்?

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை உண்டு. நாலைந்து வீட்டாராகச் சேர்ந்து போய், எந்தத் தெரு, எந்த நேரம் என்று குறிப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.