450 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் ஆர்டிஎக்ஸ் 3060 ஓடுமா?

கேள்வி: ஐ5 10400 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க். இப்போது இருக்கும் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 போடலாம் என்று இருக்கிறேன். கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ளது. அதில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் வயர் இல்லை. கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். தாங்குமா? லேபிள் படம் இணைத்துள்ளேன். (வாசகர், மேலூர்)

பதில்: தாங்காது. கன்வெர்ட்டர் போட்டுச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பிய லேபிளில் +12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே 18 ஆம்பியர் என்று இருக்கிறது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அப்படியானால் 450 எங்கிருந்து வந்தது? 3.3 வோல்ட்டில் 24 ஆம்பியர், அது 79 வாட். 5 வோல்ட்டில் 28 ஆம்பியர், அது 140 வாட். மிச்சம் சில்லறை. எல்லாவற்றையும் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த இரண்டு லைனிலும் சேர்த்து 40 வாட் தேவைப்பட்டாலே அதிகம். மீதி காகிதத்தில் மட்டும்தான்.

இனி செலவுக் கணக்கு. 3060-க்கு 170 வாட். ஐ5 10400-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், 134 வரை ஏறும். கேம் ஆடும்போது சுமார் 80 என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன்களுக்கு 40. ஆக 290 வாட், அதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில். இருப்பதோ 216. 1650 இத்தனை நாள் ஓடியதற்குக் காரணம் அதற்கு 75 வாட்தான் என்பதே. அதை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். 115 வாட் எடுக்கும் 4060 வாங்கினாலும் எல்லையைத் தாண்டித்தான் நிற்பீர்கள். எஸ்எம்பிஎஸ் செலவே வேண்டாம் என்றால் 3050-இன் 6 ஜிபி மாடல் ஒன்றுதான் வழி. அது 70 வாட், தனி வயர் கேட்காது.

கன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருவோம். டிஸ்க்குகளுக்கான சாட்டா அல்லது மோலெக்ஸ் (பழைய 4 பின்) முனையிலிருந்து மின்சாரம் எடுத்து 8 பின்னாக மாற்றுவதுதான் அது. 8 பின் இணைப்பு 150 வாட் வரை கடத்துவதற்காக அமைக்கப்பட்டது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர்; மொத்தமே 54 வாட். 3060 அந்த வயர் வழியே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். முதலில் பின் சூடாகும், சூட்டில் பிடிப்பு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். மோலெக்ஸ் இதைவிடத் தடியான பின்தான். ஆனால் மலிவு எஸ்எம்பிஎஸ்-இன் மெல்லிய வயரை நம்பி அதையும் மாட்டக்கூடாது. 8 பின் வயரே தராத எஸ்எம்பிஎஸ், இந்த வேலைக்குத் தான் ஆள் இல்லை என்று தானே சொல்லிவிடுகிறது.

மீறிப் போட்டால் என்ன ஆகும்? நல்ல தயாரிப்பு என்றால் கேம் நடுவே பொசுக்கென்று அணையும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகும். பாதுகாப்பு சர்க்யூட்டைக் குறைத்துச் செய்த மலிவுச் சரக்கு அணையாமல் வெடிக்கவும் செய்யும், போகும்போது மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

வாங்க வேண்டியது 550 வாட். என்விடியா 3060-க்குச் சொல்வதும் அதுதான். உண்மையில் 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தருகிற தரமான 450 வாட்டே போதும். உங்களுடையது போன்ற லேபிள்களையும் மனதில் வைத்தே கம்பெனிகள் கூட்டிச் சொல்கின்றன. கடையில் பெட்டியைத் திருப்பி 12 வோல்ட்டில் 43 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கிறதா, 6+2 பின் வயர் (சேர்த்தால் 8 பின்) குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே. எத்தனை டிகிரி வெப்பத்தில் முழு வாட் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். 25 டிகிரியில் அளந்த 550, சித்திரை மாத மேலூரில் 550 ஆக இருக்காது. 40 அல்லது 50 டிகிரி என்று எழுதியிருந்தால் எடுக்கலாம். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) கட்டாயம் வேண்டும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். மும்முனை கரண்ட் வந்ததும் சுற்றுவட்டார மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பி வீட்டு வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

மாட்டும்போது பழைய வயர்களை முழுவதும் உருவிவிடுங்கள். வேறு கம்பெனியின் மாடுலர் வயர் (எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழற்றி மாட்டும் வகை) பொருந்துவதுபோல் தெரியும், பின் வரிசை மாறியிருக்கும். பிராசஸருக்கான 4+4 வயரும் கார்டுக்கான 6+2 வயரும் பார்வைக்கு ஒன்றுதான். பிளஸ், கிரவுண்ட் இடம் மாறியவை. மாட்டுகிற முனை மறுத்தால் அழுத்தாதீர்கள். சரியானது 'டிக்' என்று உட்காரும். பிறகு அரைமணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டு, சும்மா கிடக்கும் மோலெக்ஸ் முனையில் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே நிற்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: யுபிஎஸ். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ்-இன் தாங்குசக்தி 360 வாட்தான். கேம் ஓடும்போது எஸ்எம்பிஎஸ் 290 வாட் கொடுக்க, சுவரிலிருந்து 340 வாட் இழுக்கும். மானிட்டரையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். கரண்ட் போன நொடியே யுபிஎஸ் கத்திக்கொண்டு அணையும், பழி புது எஸ்எம்பிஎஸ் மேல் விழும். 600 வாட் தரும் 1 கேவிஏ யுபிஎஸ் வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் மாடலில் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் தகராறு செய்யும்.