நிஜம்போல் தோன்றும் மதில் ஓவியம்: நடந்தால் கோணுவது ஏன், உரிவது ஏன்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு மதில் 30 அடி நீளம், 8 அடி உயரம், மேற்குப் பார்த்தது. வளைவு வாசலும் அதற்குப் பின்னே கோயில் குளமும் நிஜம்போலத் தெரிய வேண்டும். மாதிரி வரைந்ததில் எதிர்க் கடையிலிருந்து பிரமாதம். நடந்து வந்தால் கோணல். முன்பு வரைந்த படமோ ஒரே மழையில் உரிந்தது.

பதில்: குளத்தை விட்டுவிடுங்கள். ஆழமான காட்சி ஒரே இடத்திலிருந்துதான் சரியாக அமையும். ரோமில் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தில் ஆந்திரேயா பொஸ்ஸோ 1690-களில் தீட்டிய கூரை ஓவியத்துக்கும் இதே கதிதான். நின்று பார்க்கத் தரையில் பளிங்கு வட்டமே பதித்திருக்கிறார்கள். தெருவில் போகிறவரை யார் நிறுத்துவது? நிஜக் குளமென்றால், நாம் நடக்க நடக்க வாசல் விளிம்புக்குப் பின்னால் அதுவும் நகரும். வரைந்த குளம் நகராது. கண் உடனே பிடித்துவிடும்.

அரையடி ஆழமுள்ள பொருள்களில் இந்த நகர்வு மிகக் குறைவு. விளக்கு மாடம், கம்பி போட்ட மர ஜன்னல், மூடிய கதவு, ஆணியில் தொங்கும் பை, இவையே தெருவுக்குத் தோது. எல்லாம் நிஜ அளவில் இருக்கட்டும்.

கண்மட்டம் சாலையிலிருந்து சுமார் 5 அடி. நடைபாதை அரையடி உயரமென்றால் மதிலடியிலிருந்து 4½ அடியில் நூல் அடியுங்கள். அதற்கு மேலுள்ள மாடத்தில் மேற்பலகையின் அடிப்பக்கம் தெரியும். கீழுள்ள மாடத்தில் தளம் தெரியும். இதை மாற்றிப் போட்டால் என்ன நிழல் கொடுத்தும் பயனில்லை.

நிழல்தான் பாதி வேலை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உங்கள் மதிலைப் பார்த்து நிற்பவருக்குத் தெற்கு வலப்பக்கம். எனவே ஒளி வலது மேலிருந்து 45 பாகையில் விழுவதாக வையுங்கள்: 6 அங்குல மாடத்தில் மேல் விளிம்பின் நிழலும் 6 அங்குலம். கறுப்பு வேண்டாம், சுவர் நிறத்தோடு அம்பர் (umber) என்ற மண் பழுப்பும் துளி நீலமும் போதும்.

குளம்தான் வேண்டும் என்று சங்கத்தில் அடம்பிடித்தால், கடை வாசலிலேயே கண் உயரத்தில் புரொஜெக்டர் வைத்து, இரவில் கோடு எடுங்கள். சாய்ந்த படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தம் போடாதீர்கள். சாய்வாக விழும்போது ஏற்படும் இழுப்புதான் உங்களுக்குத் தேவை.

உரிவதற்குப் பெரும்பாலும் ஈரமும் உப்பும்தான் காரணம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உள்ளே நீர் கோத்தால் பெயிண்ட் தொடக்கூடாது. உப்புப் பூத்ததை உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். புதுப் பூச்சுக்கு 28 நாள் பொறுங்கள். பிறகு வெளிச்சுவர் பிரைமர், அதன்மேல் மேட் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட்; 240 சதுர அடிக்குச் சுமார் 5 லிட்டர். எனாமல் ஈரத்தை அடைத்துவிடும், அதன் பளபளப்பு தட்டைச் சுவரையும் காட்டிக்கொடுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை வேளையில் வேலை வையுங்கள்.

அடியில் ஓரடிக்குச் சேறு தெறிக்கும், வண்டி உரசும். அங்கே வெறும் காவிப் பட்டை போதும். பின்னால் திருத்த வேலைக்கு அதே கலவையில் ஒரு லிட்டர் மூடி வையுங்கள். பிறகு கலந்தால் நிறம் பொருந்தாது.