கிராமத்தில் குழந்தைகள் காப்பகம்: நிதி எங்கே, ஆள் எங்கே?

குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து வட்டாரத் திட்ட அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். மொத்தம் இருபத்தெட்டு வருஷம், எல்லாமே கிராமப்புற வட்டாரங்கள். இரண்டு நாளாக வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். தெரிந்ததை விரிவாகச் சொல்வேன், என் வேலைக்கு வெளியே உள்ளதை ஒரு வரியில் விட்டுவிடுவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். குழந்தைகள் காப்பகம் தொடங்க மத்திய அரசு மானியம் தருகிறதாமே, யாரிடம் விண்ணப்பிப்பது?

நீங்கள் கேட்பது 'பால்னா' திட்டம், பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கானது. முன்பு ராஜீவ் காந்தி பெயரில் ஒரு காப்பகத் திட்டம் இருந்தது. தொண்டு நிறுவனங்கள்தான் அதை நடத்தின. அதுவே தேசியக் காப்பகத் திட்டமாகி, 2022ல் பெண்களுக்கான 'மிஷன் சக்தி' என்ற பெரிய மத்தியத் திட்டத்துக்குள் போய்ப் பால்னா ஆனது. தனியாகக் கட்டடம் தேடாமல், இருக்கிற அங்கன்வாடியிலேயே காப்பகத்தையும் சேர்த்து நடத்துவதுதான் யோசனை. நாடு முழுக்க 17,000 அங்கன்வாடிகளில் இப்படிச் செய்வது இலக்கு. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை, ஒரு காப்பகத்தில் 25 பேர், மாதம் 26 நாள், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். அம்மா வேலைக்குப் போகிறாளா இல்லையா என்பது நிபந்தனை இல்லை. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம்.

ஆனால் நீங்களோ ஊராட்சியோ நேரடியாக விண்ணப்பம் போட முடியாது. மாநில அரசுதான் எந்தெந்த மையம் என்று முடிவு செய்து டெல்லிக்கு அனுப்பும். அப்போ உங்கள் வேலை என்ன? உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் ஏறக் காரணம் காட்டுவது. அதற்கு நான் சர்வீஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்த ஒரு வாக்கியம் இருக்கிறது: முதலில் தலையை எண்ணுங்கள். 'எங்கள் ஊரில் நிறையக் குழந்தைகள் இருக்கிறார்கள்' என்று மனு எழுதினால் அது ஃபைலில் தூங்கும். ஒரு நோட்டு வாங்குங்கள். குழந்தை பெயர், பிறந்த மாதம், அம்மா என்ன வேலைக்குப் போகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், அதுவரை குழந்தையை யார் பார்க்கிறார்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஒருமுறை ஒரு ஊரில் இப்படி எழுதியபோது மூன்று வயதுக்குக் கீழே 19 குழந்தைகள். அதில் ஏழு பேருக்கு அந்தக் கட்டத்தில் 'அக்கா' என்று வந்தது. அந்த அக்காக்களுக்கு எட்டு வயது, ஒன்பது வயது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் நாற்று நடவு மாதத்தில் வரிசையாக ஆப்சென்ட். அந்த இரண்டு தாளைக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பினோம். அதற்குமுன் போன மூன்று மனுவுக்கு வராத பதில் அதற்கு வந்தது.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்ததற்குள் நோட்டை முடியுங்கள்.

கே: எங்கள் குக்கிராமத்தில் அங்கன்வாடியே இல்லை. பிள்ளைகள் மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். கேட்டால் 'மக்கள்தொகை போதாது' என்கிறார்கள்.

விதிப்படி கிராமத்தில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேர் இருந்தால் குறு அங்கன்வாடி. மலை, பழங்குடிப் பகுதி என்றால் 300 பேருக்கே முழு மையம் கேட்கலாம். மக்கள்தொகையை மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களிடம் 2006 டிசம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். உணவு உரிமை வழக்கில் வந்தது அது.

40 இருக்கிறார்களா? மறுபடியும் அதே நோட்டுதான். குறு மையமாக வந்தால் பணியாளர் ஒருவர் மட்டும், உதவியாளர் கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். சமையல், பாடம், பதிவேடு எல்லாம் அந்த ஒருத்தர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மையத்துக்கே காய்ச்சல்.

கே: கட்டடம் கட்ட எவ்வளவு தருவார்கள்?

நூறு நாள் வேலைத் திட்டத்தோடு இணைத்துக் கட்டும் வழிமுறையில் ஒரு மையத்துக்கு 12 லட்சம் என்று வைத்திருந்தார்கள். 8 லட்சம் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் நிதிக்குழு மானியம் மாதிரி ஊராட்சியிடம் உள்ள பணத்திலிருந்து, மீதி 2 லட்சம் குழந்தைகள் நலத் துறை, அதையும் மத்தியும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும்.

ஆனால் எல்லாரும் முதலில் கட்டடத்தையே கேட்கிறீர்கள். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, அதனால் பணம் எப்படியாவது வந்துவிடும். ஆயம்மா சம்பளத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. புதுப் பெயின்ட் அடித்து, சுவரில் யானையும் ஆப்பிளும் வரைந்து, பணியாளர் இல்லாமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் யாரோ சிமென்ட் மூட்டை அடுக்கிவைத்த மையத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏழாவது மாதம் சம்பளம் யார் தருவார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு செங்கல் பேசலாம்.

கே: மேடம், அங்கன்வாடி வேலைக்கு 3 லட்சம் கேட்கிறார் எங்கள் ஊரில் ஒருவர். கொடுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. 2025ல் தமிழ்நாட்டில் 7,783 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தபோதும் இப்படி ஆட்கள் முளைத்தார்கள். பணியாளருக்குப் பிளஸ் டூ, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், ஆதரவற்றோர், விதவைகளுக்கு முன்னுரிமை. இதில் பணம் கொடுத்து மாற்றக்கூடியது எது? அவர் பத்துப் பேரிடம் வாங்குவார். தகுதியால் இரண்டு பேருக்குத் தானாகவே கிடைக்கும். 'நான்தான் வாங்கிக்கொடுத்தேன்' என்பார். மீதி எட்டுப் பேர் அவர் வீட்டு வாசலில் நிற்பீர்கள்.

கே: நான் சொந்தமாக மழலையர் பள்ளி நடத்துகிறேன். இந்த நிதி எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது.

கே: அடுத்த அங்கன்வாடி வேலை அறிவிப்பு எப்போது?

மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்பைப் பாருங்கள். என்னிடம் ஜாதகம் இல்லை.

கே: நூறு நாள் வேலைக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஏதும் ஏற்பாடு உண்டா?

நல்ல கேள்வி. இதைக் கேட்கவே ஆளில்லை. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தார்கள்: சிறு குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்க்க நிறுத்த வேண்டும், அவருக்கும் அதே கூலி. தாளில் இருந்ததை நான் தரையில் பார்த்தது மிகக் குறைவு. ஒரு ஏரிக்கரையில் பார்த்தேன். வேலமரத்துக் கிளையில் மூன்று தூளி, கீழே ஒரு பாட்டி. பாட்டிக்கு மண் சுமக்க முடியாது என்பதால் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். சட்டத்துக்காக இல்லை, சௌகரியத்துக்காக. ஆனாலும் அன்று அங்கே எந்தக் குழந்தையும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை.

கர்நாடகத்தில் 2023ல் இதையே கொஞ்சம் ஒழுங்காக யோசித்து, 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனே' என்று காப்பகம் அறிவித்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, முறை வைத்துப் பார்க்கவிட்டு, வேலைத் திட்டக் கூலியையே தருவது. அதில் எனக்குப் பிடித்தது, கட்டடத்தை விட்டுவிட்டு ஆளிலிருந்து ஆரம்பித்தது.

கே: நான் அங்கன்வாடிப் பணியாளர், 17 வருஷம். இவ்வளவு வேலை வாங்கிவிட்டு 'மதிப்பூதியம்' என்கிறார்கள். இப்போது காப்பகமும் எங்கள் தலையிலா? நாங்கள் அரசு ஊழியரா இல்லையா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே உங்களைச் 'சமூகத் தொண்டர்' என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை ஐம்பது வருஷம் இழுத்துவிட்டது. கர்நாடக அரசுக்கும் அமீர்பிக்கும் நடந்த வழக்கில், இது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006ல் சொல்லிவிட்டது. அப்புறம் 2022 ஏப்ரல் 25ஆம் தேதி, குஜராத்திலிருந்து போன மணிபென் வழக்கில், உங்களுக்கும் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் பொருந்தும், மதிப்பூதியமும் அந்தச் சட்டப்படி ஊதியம்தான் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக அரசு ஊழியர் இல்லை, ஆனால் வாங்குவது சம்பளம். இப்படி நடுவாசலில் நிற்கவைத்திருக்கிறார்கள்.

2018 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் கணக்கில் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இதிலும் மத்தியின் பங்கு 60 சதவீதம்தான். தமிழ்நாட்டில் பணியாளருக்கு 7,700 – 24,200, உதவியாளருக்கு 4,100 – 12,500 என்று சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. அது மாநிலம் தன் கையிலிருந்து போடுவது. பல மாநிலங்களில் அதுவும் இல்லை.

காப்பகம் உங்கள் தலையிலா என்றால், விதிப்படி இல்லை. பால்னாவில் காப்பகத்துக்கென்று தனியாக ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். அந்த இரண்டு பேர் வராமல் குழந்தைகள் மட்டும் வந்தால் எழுத்தில் கேளுங்கள்.

கே: (வேறொருவர்) அரசு ஒதுக்குவது குழந்தைகளுக்கான பணம். அதை எல்லாம் சம்பளமாகக் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்?

ஆறு மாதக் குழந்தைக்கு நீங்கள் எதைக் கொடுப்பீர்கள், பலூனா? அந்த வயதில் குழந்தைக்குத் தேவை இரண்டு கை. தூக்க, துடைக்க, ஊட்ட. அதற்குக் கொடுக்கிற காசுதான் குழந்தைக்கான காசு. தனியாக மிஞ்ச ஒன்றும் இல்லை.

கே: (அதே பணியாளர்) நன்றாகச் சொன்னீர்கள் மேடம். ஆனால் ஆபீசராக இருந்தபோது நீங்களும் எங்களிடம்தானே தேர்தல் வேலை, கணக்கெடுப்பு எல்லாம் வாங்கினீர்கள்?

வாங்கினேன். மேலிருந்து வந்த தாளைக் கீழே தள்ளினேன். ஒரு வருஷம் காப்பகப் பணியாளர்களுக்கு ஏழு மாத மதிப்பூதியம் வராமல் நின்றது. மாதக் கூட்டத்தில் 'வந்துவிடும், வந்துவிடும்' என்று நான்தான் சொன்னேன். எட்டாவது மாதம் அதில் ஒரு பெண் பேருந்துக்குக் காசில்லை என்று வரவில்லை. மறுவாரம் பஞ்சாலைக்குப் போய்விட்டாள். அவளிடம் பழகியிருந்த ஒரு குழந்தை பத்து நாள் வேறு யார் கையிலும் சாப்பிடவில்லை. ஏழாவது மாதம், ஏழாவது மாதம் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

கே: (பலூன் கேள்வி கேட்டவர்) நான் சம்பளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு வேண்டும் என்றேன்.

அது நியாயம். ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை நடக்கும்போது போய் உட்காருங்கள். குழந்தை வருகையை மட்டும் எண்ணாமல் பணியாளர் சம்பளம் எந்தத் தேதியில் ஏறியது என்றும் கேளுங்கள். இருவரும் இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: முகம் காட்டினால்தான் சத்துமாவு என்கிறார்கள். எங்கள் ஊரில் சிக்னல் இல்லை.

2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முகப் பதிவு கட்டாயம் ஆனது. டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறுகிற கூத்து எனக்கும் தெரியும். சிக்னல் இல்லாததை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுங்கள், தேதியோடு. பணியாளரிடம் சண்டை போடாதீர்கள், அந்தச் செயலியை அவர் செய்யவில்லை.

கே: எங்கள் தையல் கம்பெனியில் 120 பெண்கள். காப்பகம் இல்லை.

50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வைப்பது முதலாளியின் சட்டக் கடமை, 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலிருந்து. இது அரசு மானிய விஷயமே இல்லை. தொழிலாளர் துறைக்குப் போங்கள்.

கே: அங்கன்வாடி வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் பார்க்க வேண்டாம். மேலே 3 லட்சம் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: எனக்கு எட்டு மாதக் குழந்தை. பக்கத்து ஊர் மையத்தில் காப்பகம் வந்திருக்கிறது. விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? 25 குழந்தைகளை இரண்டு பேர் பார்த்துவிட முடியுமா?

எல்லாரும் நாலு வயது என்றால் முடியும். எட்டு, பத்து கைக்குழந்தை இருந்தால் முடியாது, யாராலும் முடியாது. அதனால் 25ஐப் பார்க்காதீர்கள். நடக்கத் தெரியாதது எத்தனை என்று கேளுங்கள். மூன்று, நான்கு என்றால் தைரியமாக விடலாம்.

காலையில் போய்ப் பார்க்க வேண்டாம், காலையில் எல்லா மையமும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்குச் சொல்லாமல் போங்கள். சாப்பாடு முடிந்து ஒருவர் தட்டுக் கழுவப் போயிருப்பார். பெரிய பிள்ளைகள் பாயில் பாதித் தூக்கம். அந்த நேரத்தில் ஒரு கைக்குழந்தை அழுதால் எவ்வளவு நேரம் கழித்து யார் தூக்குகிறார்கள் என்று நின்று பாருங்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, தாய்ப்பால் கொடுக்க நடுவில் வந்து போக விடுவார்களா, இதையும் கேளுங்கள். அப்புறம் நிமிர்ந்து உத்தரத்தைப் பாருங்கள். தூளி கட்ட எத்தனை கொக்கி அடித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.