தன்பாலினத் திருமணத்தை மதச் சமூகங்கள் ஆதரிப்பது எப்படி?

'திருமணச் சமத்துவம்' என்றால் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ செய்துகொள்ளும் திருமணத்துக்கும் மற்றத் திருமணங்களுக்கு உள்ள அதே மதிப்பும் உரிமையும். மதம் இதை எதிர்க்கத்தானே செய்யும் என்று பலர் கேட்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அமெரிக்க மத அமைப்புகளான யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சபை 1996-லும், யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் 2005-லும் ஆதரவுத் தீர்மானம் போட்டன.

காரணம் அவர்களுடைய நம்பிக்கைக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டனில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பாருங்கள். அவர்கள் திருமணத்தில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருக்க, இருவரும் எழுந்து உறுதிமொழி சொல்வார்கள். அப்புறம் வந்திருக்கும் அத்தனை பேரும், குழந்தைகள் உட்பட, சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். சேர்த்து வைப்பது கடவுள், நாம் சாட்சிகள் மட்டுமே என்பது 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் எண்ணம். அப்படியென்றால் கண்முன் தெரியும் அன்புக்குச் சாட்சி சொல்ல எப்படி மறுப்பது? 2009-இல் ஆதரவாக முடிவெடுத்தார்கள், சட்டம் வருவதற்கு முன்பே. எனக்கு இது மிகவும் நேர்மையான முடிவாகப் படுகிறது.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவர் திருமணத்தைக் குடும்பமே கூடி நடத்திவிட்டு, இன்னொருவரிடம் 'நீ வெளியே போய்ச் செய்துகொள்' என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி வலிக்கும்! இந்தச் சமூகங்கள் ஆற்ற நினைப்பது அந்த வலியைத்தான்.

சட்டம் வந்தால் எல்லா மதகுருக்களும் கட்டாயம் நடத்தி வைக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். இங்கிலாந்து, வேல்ஸின் 2013 சட்டப்படி, விரும்பி முன்வரும் மத அமைப்புகள் மட்டுமே நடத்துகின்றன.